வழிகாட்டுவது எந்த வயதில்? மலேசியப் பள்ளிகளின் தொழில் வழிகாட்டற் கொள்கையும் மலாக்காத் தமிழ்ப் பிள்ளைகளும்

மலேசியக் கல்வி அமைச்சு பள்ளிகளில் வழிகாட்டுப் பணியைத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இக்காலத்திற்குள் அப்பணிக்கெனச் சுற்றறிக்கைகளும் முழுநேரப் பணியிடங்களும் தனிச் சட்டமும் உளவியல் அளவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துள்ளமையால், கொள்கையே இல்லை என்று எவரும் குறைகூற இயலாது. ஆயினும் மலாக்கா மாநிலத்தில் செங், பாயா ரும்புட், புக்கிட் லிந்தாங், மெர்லிமாவ், ஜாசின் முதலிய ஊர்களில், தோட்ட வாழ்விலிருந்து வெளிவந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பதினேழு வயதில் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு நிற்கும்போது, அவர்கள் முன் திறந்திருக்கும் வாசல்கள் எவை, அவர்கள் அறியாமலே மூடப்பட்டுவிட்டவை எவை, அதை அவர்களிடம் உரிய காலத்தில் சொல்ல யார் இருந்தார்கள் என்னும் கேள்விகள் இன்னும் விடை காணாமலே இருக்கின்றன. இக்கட்டுரை அக்கேள்விகளை மையமாக வைத்துக் கொள்கையின் வரலாற்றையும் இன்றைய அமைப்பையும் ஆராய்கிறது.

தொழில் வழிகாட்டல் என்பது மூன்று வேலைகள் சேர்ந்த ஒன்று. உலகில் என்னென்ன தொழில்கள் உள்ளன, அவற்றுக்கு எந்தக் கல்வி வேண்டும் என்ற தகவலைத் தருவது முதலாவது. மாணவர் தம் இயல்பையும் ஆற்றலையும் தாமே அறிந்துகொள்ள உதவுவது இரண்டாவது. விண்ணப்பம், தகுதி விதி, கடன், விடுதி, இறுதி நாள் ஆகிய நடைமுறைகளின் ஊடே அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது மூன்றாவது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-இல் தொழில் ஆலோசனைப் பணியகம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதலும் தொழிலை அறிதலும் அவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தலுமே நல்ல தேர்வு என்று வகுத்தார். அவர் மறைவுக்குப் பின் 1909-இல் வெளிவந்த நூலின் வழி அவ்வகுப்பு உலகெங்கும் பரவியது. படித்த நகர்ப்புறக் குடும்பங்களில் மூன்றாவது வேலையைப் பெற்றோரே செய்துவிடுவதால் அது கோட்பாட்டாளர் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. பெற்றோர் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய வீட்டிலோ அந்த மூன்றாவது வேலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மலாக்காவில் இக்கேள்விக்குத் தனியானதொரு முன்கதை உண்டு. மலாயாவில் வாணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடங்களுள் ஒன்று, 1890-களின் நடுப்பகுதியில் தான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் அமைத்த தோட்டமாகும். சில ஆண்டுகளில் அவர் புக்கிட் ஆசாகானில் அதைவிடப் பெரிய தோட்டம் கண்டார். இரண்டு ஊர்களின் பெயரையும் இன்று தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. ஆனால் அப்பள்ளி எதற்காக என்பதில் தோட்ட நிர்வாகத்துக்கு ஐயமே இருந்ததில்லை: தாயும் தந்தையும் பால்வெட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைத்து, எழுத்தும் கணக்கும் கொஞ்சம் கற்பித்து, பத்துப் பன்னிரண்டு வயதானதும் களையெடுப்புக்கும் பின்னர் மரத்துக்கும் அனுப்புவதுதான் அதன் வேலை. தொழில் என்பது லயத்தோடு சேர்ந்து வருவதாக இருந்தது. மிகக் கெட்டிக்காரப் பையனுக்குக் கங்காணி வேலை, அதையும் தாண்டினால் கிராணி அல்லது தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்பதற்கு மேல் வழி தெரியவில்லை. தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் வழிகாட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்து முடித்தவர்கள் மேலே போக வேண்டுமானால் வேற்றுமொழி இடைநிலைப்பள்ளியில் சேர வேண்டும். அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி கற்க வேண்டும். அதற்கும் முன், பன்னிரண்டு வயதில் நடந்த இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். அத்தேர்வே பிள்ளைகளைச் சலித்துப் பிரிக்கும் வேலையைச் செய்தது. 1960-ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையைத் தொடர்ந்து நடந்த மாற்றங்களின் விளைவாக 1964-இல் அந்நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை படிக்கும் ஒருங்கிணைந்த கல்விமுறை வந்தது. தொழிற்கலை, வேளாண்மை, வாணிகம், மனையியல் ஆகியவை பாடங்களாயின. பள்ளி வழிகாட்டலின் பிறப்பையும் இக்காலத்தோடு சேர்த்தே காண வேண்டும். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த வல்லுநர் ரஸ்ஸல் மெக்கென்சியின் உதவியுடன் 1963-இல் வழிகாட்டுச் சேவை வடிவமைக்கப்பட்டது; அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாளிட்ட சுற்றறிக்கை ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருக்க வேண்டும் என்று பணித்தது. பன்னிரண்டு வயதுச் சல்லடையை எடுத்துவிட்ட அரசுக்கு, பதினைந்து வயதில் பிள்ளைகளைக் கலை, அறிவியல், தொழில்நுட்பம் என்று பகுக்க ஏதேனும் ஒரு கருவி வேண்டியிருந்தது. அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்ற விகிதக் கொள்கை அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே வகுக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது. மலேசியப் பள்ளி வழிகாட்டல் பிறந்தபோதே நாட்டின் ஆள்பலத் தேவைக்கு மாணவரைப் பகிர்ந்தளிக்கும் பணியும் அதனுடன் பிறந்துவிட்டது. மாணவரின் விருப்பத்துக்கும் நாட்டின் தேவைக்கும் இடையிலான இழுபறி அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகள் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வழிகாட்டி ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் தம் பாடவேளைகளோடு இதையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவராகவே இருந்தார். 1979-இல் வெளியான அமைச்சரவைக் குழுவின் கல்வி அறிக்கை வழிகாட்டலும் ஆலோசனையும் வலுப்பெற வேண்டும் என்றது. உண்மையான திருப்பம் 1996-இல்தான் வந்தது: இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில், பாடம் நடத்தும் பொறுப்பில்லாத முழுநேர ஆலோசக ஆசிரியர் பணியிடம் உருவாக்கப்பட்டது. பள்ளி வழக்கில் ‘கவுன்சலிங் ஆசிரியர்’ எனப்படுபவர் இவரே. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அத்தொழிலைப் பதிவுக்கும் தகுதிக்கும் உட்பட்டதாக்கியது. தென்கிழக்காசியாவில் இந்த அளவுக்குச் சட்டமும் பணியிடமும் சேர்ந்து அமைந்த நாடுகள் பல இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பணியிடம் அமைவதும் மாணவருக்கு நேரம் கிடைப்பதும் ஒன்றாகிவிடா. ஆலோசனைப் பிரிவின் பணிகளை அமைச்சு நான்காகப் பகுத்துள்ளது: ஆளுமை வளர்ச்சி, ஒழுக்கம், தொழிற்கல்வி வழிகாட்டல், மனநலம். ஓராண்டில் பள்ளி நாள்கள் ஏறத்தாழ 190. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாகவே கொண்டால் மொத்தம் 1,140 மணி நேரம். அதில் நான்கில் ஒரு பங்கைத் தொழில் வழிகாட்டலுக்கு ஒதுக்கினால் 285 மணி. அதை 500 பேருக்குப் பகிர்ந்தால் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 34 நிமிடம் கிடைக்கும். இது காகிதக் கணக்கு. ஒழுங்கீனம், பள்ளிக்கு வராமை, குடும்பச் சிக்கல், அண்மைக் காலத்தில் பெருகிவரும் மனநலக் கவலைகள் ஆகியவை கதவைத் தட்டிக்கொண்டு வருபவை. தொழில் வழிகாட்டலோ தட்டாமல் வெளியே காத்திருப்பது. அவசரமானது முக்கியமானதை எப்போதும் பின்னுக்குத் தள்ளும் என்பதால், அந்த 34 நிமிடமும் நடைமுறையில் ஒரு மண்டபச் சொற்பொழிவாகவும் ஒரு ‘தொழில் தின’க் கண்காட்சியாகவும் சுருங்கிவிடுவதற்கு ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. அண்மை ஆண்டுகளில் 250 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை அமைச்சு இலக்காகப் பேசி வருகிறது. அது நிறைவேறினாலும் மேற்கண்ட கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

தொடக்கப்பள்ளிக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கே முழுநேர ஆலோசக ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 350-ஐத் தொடும் பள்ளிகளுக்கே உரியது. நாட்டில் இன்றுள்ள தமிழ்ப்பள்ளிகள் 530 அளவில் உள்ளன; அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, 150-க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளாக அமைச்சால் வகைப்படுத்தப்பட்டவை. மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளிலும் பெரியவை சில, சிறியவை பல. செம்பனைக்கு நடுவே நின்றுகொண்டு, சுற்றியிருந்த லயங்கள் காலியான பிறகும் வேன்களில் வரும் பிள்ளைகளை நம்பி இயங்கும் பள்ளிகளும் இவற்றுள் உண்டு. ஆகவே எண்ணிக்கை விதி, மேலோட்டமாகப் பார்த்தால் எவருக்கும் பாரபட்சம் காட்டாத நிர்வாக விதியாகத் தோன்றினாலும், விளைவில் அது நகரத்துப் பெரிய பள்ளிக்கு ஆலோசகரைத் தந்து, சிறுபள்ளியில் அப்பொறுப்பை ஏற்கெனவே மூன்று நான்கு பொறுப்புகளைச் சுமக்கும் வகுப்பாசிரியரிடம் விட்டுவிடுகிறது. அவ்வாசிரியர்களின் அக்கறையில் குறையில்லை. பயிற்சியும் நேரமும்தான் அவர்களுக்குத் தரப்படவில்லை.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தொழில் வழிகாட்டல் எதற்கு என்று கேட்போருக்கு, அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாடு நல்ல விடை. பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு நெடுநாள் முன்பே தொழில்களைத் தள்ளிவிடத் தொடங்குகிறார்கள் என்பது அவர் கருத்து: ஆறு முதல் எட்டு வயதில் ‘இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை’ என்றும், ஒன்பது முதல் பதின்மூன்று வயதில் ‘இது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது’ என்றும் வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே வருகிறார்கள், எஞ்சிய சிறு வட்டத்துக்குள்தான் பின்னாளில் ‘விருப்பம்’ பிறக்கிறது. இக்கோட்பாட்டை மலாக்காவில் பொருத்திப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். வட்டம் குறுகும் அந்த ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஆறாண்டுகளைத் தமிழ்ப் பிள்ளை கழிப்பது தமிழ்ப்பள்ளியில். வழிகாட்டற் கொள்கை தன் ஆள்பலத்தைக் குவித்திருப்பதோ வட்டம் குறுகி முடிந்த பின் வரும் இடைநிலைப்பள்ளியில்.

இடைநிலைப்பள்ளியில் பயன்படும் முதன்மைக் கருவி தொழில் விருப்ப அளவை எனப்படும் வினாத்தொகுப்பு. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டைத் தழுவி, மாணவரின் நாட்டத்தைக் கைத்தொழில், ஆராய்வு, கலை, சமூகத் தொண்டு, முனைவு, அலுவலக ஒழுங்கு என ஆறு வகைகளில் அது அளக்கிறது. பள்ளிசார் மதிப்பீட்டின் ஒரு பகுதியாக இத்தகைய உளவியல் அளவைகள் 2011-க்குப் பின் நாடு முழுதும் புகுத்தப்பட்டன. கருவியில் தவறில்லை, ஆனால் அது அளப்பது பிள்ளை இதுவரை கண்டவற்றின் மேல் கொண்ட விருப்பத்தை மட்டுமே. செங் வட்டாரத்து அடுக்குவீட்டில் வளரும் பிள்ளை அன்றாடம் காண்பது தொழிற்சாலைப் பேருந்து, லாரி, பாதுகாவலர் சீருடை, கடை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றை. அதே மாநிலத்தில் பத்து பெரெண்டாமில் 1973 முதல் சீமென்ஸ் என்ற பெயரிலும் பின்னர் இன்ஃபினியன் என்ற பெயரிலும் இயங்கும் சில்லுத் தொழிற்சாலைக்குள் சோதனைப் பொறியாளர் என்றொருவர் இருக்கிறார் என்பதையோ, அலோர் காஜாவின் பெகோவில் ஹோண்டா நிறுவனம் 2003-இல் திறந்த கார் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பர் என்ன செய்கிறார் என்பதையோ அது அறியாது, அங்கே வேலை செய்பவரின் பிள்ளையாகவே இருந்தாலும். காணாததில் விருப்பம் இல்லை என்று பிள்ளை குறித்துத் தரும் விடை, அளவையில் ‘இயல்பு’ என்று பதிவாகிறது.

இனி, கொள்கை எந்தெந்தக் கட்டங்களில் மாணவரைத் தேர்வு செய்யச் சொல்கிறது என்று பார்க்கலாம். முன்பு ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர்., அதன் பின் 2014 முதல் பி.டி.3 என்று பொதுத்தேர்வுகள் வழிப்பிரிவுகளைக் குறித்து நின்றன. யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 அதற்கடுத்த ஆண்டிலும் கைவிடப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் தேர்வு போனதோடு, ‘இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது’ என்று தமிழ்ப்பள்ளியும் பெற்றோரும் ஒன்றுகூடிப் பேசிய சந்தர்ப்பமும் போய்விட்டது. ஆறாண்டுகள் பிள்ளையை அறிந்த ஆசிரியர் ஓரிடத்திலும், முதலாம் படிவத்தில் அதைப் பெறும் ஆலோசகர் வேறிடத்திலும் இருக்க, இருவருக்கும் இடையே கைமாற்றம் என்று சொல்லத்தக்க உரையாடல் எதையும் கொள்கை கட்டாயமாக்கவில்லை. மொழியும் சூழலும் ஒருங்கே மாறும் அந்த முதலாம் படிவ ஆண்டிலேயே தமிழ்ப் பிள்ளை பின்தங்கத் தொடங்குகிறது என்பது இந்நாட்டுத் தமிழாசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது.

அடுத்த பிரிவு பதினைந்து வயதில் வருகிறது, அதுவும் இரட்டைப் பிரிவாக. 2012 முதல் பழைய தொழிற்பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக உயர்த்தப்பட்டு, மூன்றாம் படிவம் முடித்தவர் நேராகச் சேர்ந்து தொழிற்சான்றிதழும் அதன்மேல் டிப்ளோமாவும் பெறும் வழி பிறந்தது. பள்ளியிலேயே தொடர்பவர்க்கோ, 2020 முதல் அறிவியல், கலை என்ற பழைய பிரிவுகள் நீங்கி, பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. சுதந்திரம் கூடியது போலத் தோன்றும் இம்மாற்றம் உண்மையில் வழிகாட்டலின் பொறுப்பைப் பன்மடங்காக்கியது. ஏனெனில் நான்காம் படிவத்தில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விடுகின்ற பிள்ளை, பொறியியலை நோக்கிய பெரும்பாலான பாதைகளை அன்றே விட்டுவிடுகிறது. ‘சுலபமான பாடமாக எடுத்துக்கொள்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் உறவினருக்கு அது தெரியாது. பாடத் தொகுப்புகளும் ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் இருப்பைப் பொறுத்தே அமைவதால், தாளில் உள்ள தேர்வு எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை. தொழில் வழிகாட்டலுக்குரிய நேரம் முழுதையும் ஐந்தாம் படிவத்திலிருந்து எடுத்து மூன்றாம் படிவத்தின் நடுவில் செலவிட்டால்கூட இன்றைய நிலையைவிட நன்மை மிகும்.

எஸ்.பி.எம்.முக்குப் பின் வருவது ஒரு குறுக்குநெடுக்கான பாதைக்காடு. மலாக்காவுக்குள்ளேயே ஒருவர் ஆறாம் படிவம் படிக்கலாம். லொண்டாங்கில் உள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். மாலிமிலோ மெர்லிமாவிலோ பாலிடெக்னிக்கில் சேரலாம். அலோர் காஜா வட்டாரத்தில் மனிதவள அமைச்சின் உயர்தொழில்நுட்பப் பயிற்சி நிலையமான அட்டெக்கில் பயிலலாம். பின்னர் 2000-இல் தொடங்கி 2007-இல் முழுப் பல்கலைக்கழகமான டுரியான் துங்கால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்குப் போகலாம். இவை வெவ்வேறு அமைச்சுகளின் கீழ், வெவ்வேறு இணைய வாசல்களில், வெவ்வேறு இறுதி நாள்களோடு நிற்கின்றன. இவற்றின் தன்மை வேறுபாடும் பெரிது: மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டில் முடிவது, ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக ஒன்றரை ஆண்டு நீள்வது. மலாய்மொழியிலும் 2013 முதல் வரலாற்றிலும் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை, ஆனால் அப்படித் தவறியவருக்கும், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற நுழைவுத் தகுதியோடு மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலை திறந்திருக்கிறது, அதிலிருந்து படிப்படியாக டிப்ளோமா நிலைவரை ஏறலாம் என்ற செய்தி, தேவைப்படும் வீடுகளுக்குத்தான் போய்ச் சேருவதில்லை.

இங்கே ஆலோசனை நூல்கள் தொடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டற் கோட்பாடுகள் எல்லாம், விருப்பமும் ஆற்றலும் இருந்தால் வாசல் திறக்கும் என்ற எண்ணத்தின் மேல் எழுந்தவை. மலேசியாவில் சில வாசல்களுக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. மாரா அமைப்பின் கல்வி நிலையங்கள் பூமிபுத்ரா எனப்படும் மலாய், பூர்வகுடி மாணவரை முன்னிறுத்தி அமைந்தவை. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு ஏனையோருக்கு என்ற பங்கீடு 2003 முதல் இருந்து வருகிறது; 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் விகிதம் மாறவில்லை. பத்து ‘ஏ’ பெற்றவர் எவரானாலும் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராகிம் 2024-இல் அறிவித்தது வரவேற்கப்பட்டது. ஆனால் ஆறு, ஏழு ‘ஏ’ பெறும் நல்ல மாணவருக்கு நிச்சயமின்மை அப்படியே இருக்கிறது. இப்பங்கீடு சரியா தவறா என்பது அரசியல் வாதம், அதன் இடம் வேறு. ஆலோசனை அறையைப் பொறுத்தவரை முக்கியமானது இது: ஒரே மதிப்பெண்ணுடன் வரும் இரு மாணவருக்கு வெவ்வேறு மாற்றுத் திட்டங்கள் தேவைப்படும் நாட்டில், எல்லாருக்கும் ஒரே தகவலேட்டைத் தருவது நடுநிலை ஆகாது. தமிழ் மாணவருக்கு முதல் வாய்ப்போடு இரண்டாவதும் மூன்றாவதும் அன்றே சொல்லப்பட வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பச் சமுதாயம் தானே முயன்றது. டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், கூடுதல் வகுப்புகளோடு பல்கலைக்கழகம் என்ற இலக்கையே தோட்டப் பிள்ளைகளின் மனத்தில் விதைத்தது. காட்ஃபிரெட்சன் சொன்ன ‘நமக்கு எட்டாதது’ என்ற முடிவை உடைத்ததே அதன் பெரும்பணி என்று கூறலாம். மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா. 1984-இல் அமைத்த எம்.ஐ.இ.டி. என்ற கல்வி நிறுவனம், கல்விக்கடன் வழி உதவியது. அரசும் 2014-இல் பிரதமர் துறையில் இந்தியர் மேம்பாட்டுக்கான செடிக் அமைப்பையும், 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டத்தையும் கொண்டுவந்தது. செடிக் பின்னர் மித்ரா ஆயிற்று. இவற்றின் நிதி ஆண்டுக்காண்டு மானியமாக வருவதால் திட்டங்களும் ஆண்டோடு பிறந்து ஆண்டோடு முடிகின்றன. எஸ்.பி.எம். முடிவு வந்த வாரங்களில் கோயில் மண்டபங்களிலும் மாநில அளவிலும் நடக்கும் கல்வி வழிகாட்டிக் கூட்டங்கள் பயனுள்ளவையே என்றாலும், அங்கே வரும் மாணவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி இரண்டாண்டுக்கு முன் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. கூட்டத்தின் ஓரத்தில் தனியார் கல்லூரிகளின் மேசைகள் வரிசையாக நிற்பதையும் கவனிக்க வேண்டும்: விற்பவர் தரும் தகவலும் வழிகாட்டலும் ஒன்றாகிவிட்டால், கடன் மட்டுமே மிஞ்சும் பட்டயங்களுக்குக் குடும்பங்கள் கையெழுத்திடுகின்றன.

பிற நாடுகளின் பட்டறிவு இரண்டு திசைகளில் பாடம் தருகிறது. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொழில் வழிகாட்டும் கடமையைப் பள்ளிகளின் தலையில் ஏற்றியது. முன்பு அதைச் செய்த கனெக்ஷன்ஸ் என்ற பொதுச்சேவை கலைந்தபோது அதன் பணம் பள்ளிகளுக்குப் போய்ச் சேரவில்லை. விளைவு, கடமை இருந்தது, செய்ய ஆளில்லை. 2014-இல் கேட்ஸ்பி அறக்கட்டளைக்காக ஜான் ஹோல்மன் வகுத்த எட்டு அளவுகோல்கள், பதினாறு வயதுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் தகுதிபெற்ற ஆலோசகருடன் ஒரு தனி நேர்காணலேனும் நடக்க வேண்டும், பதினோரு வயது முதல் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் வேலை உலகத்தவரைச் சந்திக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கத்தக்க கடமைகளாக அதை மாற்றின. பின்லாந்தில் வழிகாட்டல் மேல்வகுப்புகளின் பாட அட்டவணையிலேயே இடம்பெற்ற ஒரு பாடம். தமிழ்நாட்டில் 2022 மார்ச் முதல் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், அதனோடு வந்த ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் அரசுப் பள்ளி மாணவருக்கு உயர்கல்வித் தகவலைத் தாய்மொழியில் பெரும் அளவில் கொண்டுசென்றன. அத்திட்டத்தின் ஆழம் குறித்து வாதிடலாம், ஆனால் தகவல் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற அடிப்படை அங்கே ஐயமின்றி ஏற்கப்பட்டுவிட்டது. மலேசியாவில் தேசிய இடைநிலைப்பள்ளியின் அளவைகளும் படிவங்களும் மலாயில் அமைவது இயல்பே. பெற்றோருக்கான ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அவற்றோடு சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

இன்றைய அரசின் கவனம் முழுதும் டிவெட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்வியின் மேல் இருக்கிறது. துணைப் பிரதமர் தலைமையில் தேசிய டிவெட் மன்றம் இயங்குகிறது. 2024-இல் தேசிய டிவெட் கொள்கை 2030 வெளியானது. மலாக்காவின் தொழிற்சாலைகளைப் பார்க்கும்போது இது பொருத்தமான திசையே. ஆனால் தமிழ்ப் பெற்றோர் பலர் தயங்குவதை வெறும் பழைமை எண்ணம் என்று ஒதுக்குவது சரியாகாது. உடலுழைப்பிலிருந்து விடுபடத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று நினைக்கும் குடும்பம், ‘கைத்தொழில்’ என்று கேட்டதும் மீண்டும் மரத்தடிக்கே அனுப்பப்படுவதாக அஞ்சுகிறது. இன்னொரு பக்கம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச ஊதியமும் மோட்டார் சைக்கிளும் பதினெட்டு வயதுப் பையனைப் பயிற்சியின்றியே வேலைக்கு இழுக்கின்றன. இந்த அச்சத்துக்கும் இழுப்புக்கும் விடை, இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின் ஒரு தொழில்நுட்பர் எங்கே, எவ்வளவுக்கு, எந்த ஏணியில் ஏறுகிறார் என்பதை அதே ஊரிலிருந்து போன ஒருவர் வந்து காட்டுவதே. டிவெட் இடங்களை நிரப்பும் பிரசார அலுவலராக ஆலோசக ஆசிரியரை மாற்றினால் அவர் சொல்லில் பெற்றோருக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

கொள்கை மாறுவதற்கு இப்போது இடமும் இருக்கிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2025-இல் ஏற்றது. 2027 முதல் புதிய பள்ளிப் பாடத்திட்டம் தொடங்கவிருக்கிறது. பதினேழு வயது வரை பள்ளியில் இருக்கும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்தும் அரசு, அந்த ஆண்டுகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லவும் கடமைப்படுகிறது. ஆலோசகரைப் பள்ளியின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கும் விதியை விட்டு, அருகருகே உள்ள நான்கைந்து சிறுபள்ளிகளுக்கு ஒருவர் என்று ஒதுக்குவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, மலாக்கா போன்ற சிறிய மாநிலத்தில் தூரமும் ஒரு தடையில்லை. ஆறாம் ஆண்டிலிருந்து முதலாம் படிவத்துக்கு எழுத்து வடிவில் கைமாற்றம், மூன்றாம் படிவத்தில் பெற்றோரையும் உட்கார வைத்து ஒரு தனி நேர்காணல் ஆகிய இரண்டும் கட்டாயமாக வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கட்டடத்துக்கும் கணினிக்கும் மனுக் கொடுப்பது போலவே, 350 என்ற அந்த எண்ணை மாற்றக் கோரியும் மாநிலக் கல்வி இலாகாவுக்கு இவ்வாண்டே மனுக் கொடுக்கட்டும்.